எண்ணெய் எடுத்த தோல்

தோல் வார்டில் இப்போதெல்லாம் நர்ஸ்கள் மருந்து தடவுவதில்லையாம். ட்யூபைக் கையில் கொடுத்து, சீட்டில் எழுதியிருப்பதைக் காட்டி அனுப்பிவிடுகிறார்களாம். போன வாரம் வேலூர் பாகாயத்தில் என் வீட்டுக்கு வந்த இரண்டு இளம் நர்ஸ்கள் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். "கையெல்லாம் பிசுபிசுன்னு ஆகறது இல்ல மேடம், நேரமும் மிச்சம்" என்றாள் ஒருத்தி. நான் காபி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி மேஜையில் சிந்தியது. அவள் துணி எடுத்துத் துடைத்தாள். பிறகு அவளே, "உங்க காலத்துல எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன், எங்க ஆஸ்பத்திரி மலர்ல போடறோம்" என்றாள்.

எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வராது. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

பயிற்சி வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எழுபதுகளின் தொடக்கத்தில் நர்ஸிங் படிக்க வேலூர் வந்தேன். படுக்கை விரிக்கவும், வாயை மூடிக்கொண்டு நிற்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். முதலாவது நன்றாக வந்தது. இரண்டாவது வராததால்தான் என்னைத் தோல் வார்டுக்குப் போட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த வார்டை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். சீழ் நாற்றம், களிம்பு நாற்றம். காலையில் படுக்கையை உதறினால் செதிலை முறத்தில் அள்ளலாம்.

அங்கே தலைமை டாக்டர் தங்கையா. குள்ளம், ஒல்லி. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். நோயாளியின் தோலை விரல் நுனியால் தொடமாட்டார். விரல்களின் பின்பக்கத்தால், கன்னத்தைத் தடவுவது மாதிரித் தொடுவார். சூடும் ஈரமும் அங்கேதான் நன்றாகத் தெரியும் என்பார். நின்றுகொண்டு யாரையும் பார்க்கமாட்டார். வந்ததும் "சிஸ்டர், ஒரு ஸ்டூல்" என்பார். "மருந்து தடவியாச்சு சார்" என்று சொன்னால், "எவ்வளவு?" என்று கேட்பார். "நல்லா தடவினேன்" என்றால் கண்ணாடி கழன்றுவிடும். தடவுவதற்கு முன்னும் பின்னும் களிம்பு டப்பியைத் தராசில் வைத்து நிறுத்துச் சொல்ல வேண்டும். மாவு வாங்கும்போது நிறுத்து வாங்குகிறோம், மருந்துக்கு அது வேண்டாமா என்பார்.

நான் சேர்ந்த புதிதில் என் கைகள் வெடித்திருந்தன. நாள் முழுக்க லைசால் தண்ணீரிலும் கார்பாலிக் சோப்பிலும் கை கழுவினால் வேறென்ன ஆகும்? விரல் மடிப்பில் ரத்தம் கசியும். ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவர் அதைப் பார்த்தார்.

"என்ன போட்டுக் கழுவுறீங்க?"

"எல்லாரும் போடறதுதான் சார்."

மேஜைக்கு வரச் சொன்னார். மண்பானைத் தண்ணீரில் கிடந்த இரண்டு சின்னக் கண்ணாடி டம்ளர்களை எடுத்துத் துடைத்தார். ஒன்றை என் புறங்கைமேல் கவிழ்த்தார். இன்னொன்றைத் தன் புறங்கைமேல் கவிழ்த்தார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் டம்ளரின் உள்பக்கம் மூடுபனி மாதிரி வெளுத்துவிட்டது. அவருடையது ஏறக்குறைய அப்படியே இருந்தது.

"வேர்வை சார்" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஃபேன்தானே சிஸ்டர்? வேர்க்காதப்பவும் தோல்லருந்து தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போய்க்கிட்டேதான் இருக்கும். அதை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிறது மேல்தோல்ல இருக்கிற கொழுப்பு. செங்கல் சுவர் மாதிரி நெனச்சுக்குங்க. செத்த செல்லுங்க செங்கல். நடுவுல இருக்கிற கொழுப்பு சாந்து. நீங்க லைசாலைப் போட்டு அந்தச் சாந்தைச் சுரண்டிட்டீங்க. உள்ள இருக்கிறது வெளிய வருது."

"அப்ப வெளிய இருக்கிறது?"

"உள்ள போகும்" என்றார். டம்ளரைப் பானைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனார்.

பாடம் இவ்வளவுதான். பிறகு வேலையில் இருந்த காலம் முழுக்க நான் படித்த எதுவும் இதற்கு மேல் போகவில்லை.

ஒரு மே மாதம், அமிர்தி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை தோல் சிவந்து உரிந்துகொண்டிருந்தது. வேலூர் வெயிலில் சுவரே கொதித்துக்கொண்டிருக்க, அவர் பல் கிட்டிப்போய்க் கம்பளி கேட்டார். பக்கத்துப் படுக்கைக்காரன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார், ஃபேனை நிறுத்தச் சொன்னார், இரண்டு கம்பளி கொடுக்கச் சொன்னார். உடம்பு முழுக்கச் சாந்து போய்விட்டது, தண்ணீரும் சூடும் வெளியே ஓடுகிறது, அதனால்தான் குளிர் என்றார். அவரைக் காலையும் மாலையும் எடை பார்த்தோம். குடித்த தண்ணீரையும் அளந்தோம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துண்டைத் தொடாமல், தண்ணீர் சொட்டும்போதே வாஸலினும் எண்ணெயும் கலந்து மேலே பூசினோம். துடைத்துக் காயவிட்டுப் பூசினால் வறட்சியைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுவோம். ஒருநாள் காலையில் அவராகவே கம்பளியைக் காலால் உதைத்துத் தள்ளினார். "உஸ்... இன்னா வெக்கை!" என்றார். வார்டே கைதட்டியது.

எங்களிடம் அதிகம் வந்தவர்கள் தோல் பதனிடும் ஆட்கள்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. சுண்ணாம்புக் குழியில் நின்றவனுக்கு விரல் நுனி அரித்துப்போயிருக்கும். தோலைப் பதப்படுத்துகிற குரோம் தண்ணீரில் கை விட்டவனுக்கு ஊசியால் குத்தினது மாதிரி ஆழமாகப் புண் இருக்கும். கையுறை என்றால் என்ன என்று கேட்பார்கள். கப்பலில் போகிற தோலில் ஒரு கீறல் விழுந்தால் சத்தம் போடுகிற முதலாளிகள், அதைப் புரட்டுகிற கையில் கீறல் விழுந்தால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

கஜேந்திரன் வந்தது எழுபதுகளின் கடைசியில். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். டிரம் என்றால் ஆள் உயரத்தைவிடப் பெரிய மரப் பீப்பாய். தோலும் மருந்துத் தண்ணீரும் உள்ளே போட்டு நாள் முழுக்கச் சுற்றும். அந்தச் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். கஜேந்திரனுக்கு முழங்கை, முழங்கால், முதுகெல்லாம் வெள்ளிச் செதில். சொரியாசிஸ். முதல்முறை ஓ.பி.யில் பார்த்தபோது, "சிஸ்டர், ஆட்டுத்தோலை உரிச்சு உரிச்சு ஆடு சாபம் குடுத்துடுச்சு, இப்ப என் தோல் தானா உரியுது" என்று சொல்லிச் சிரித்தவர்.

செதிலைக் கரைக்கிற சாலிசிலிக் களிம்பு ஒரு சின்ன டப்பி கொடுத்து அனுப்பினார்கள். செதில் இருக்கிற இடத்தில் மட்டும் லேசாகத் தடவ வேண்டும் என்று டப்பிமேல் எழுதியிருந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். இப்போது உயிரோடு இல்லை, விட்டுவிடுகிறேன்.

சில மாதம் கழித்து, டேனரியின் ரம்ஜான் லீவு முடிகிற சமயம், கஜேந்திரனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நிமோனியா என்று பொது வார்டில் போட்டார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஜுரமும் பெரிதாக இல்லை. யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. தோலில் ஏதோ இருக்கிறதே, வந்து பாருங்கள் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் டாக்டர் தங்கையாவும் நானும் போனோம்.

கஜேந்திரன் ஓடி வந்து நின்றவர் மாதிரி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். படுக்கையருகே அவர் மனைவி சரளா. "வாந்திங்க. குடம் குடமா தண்ணி குடிக்கிறாருங்க. நேத்துலருந்து பேச்சும் ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றாள். நான் போர்வையை விலக்கினேன். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கக் களிம்பு மினுங்கியது. செதில் இருந்த இடம், இல்லாத இடம், எல்லாம். களிம்புக்கு அடியில் தோல் பழைய காகிதம் மாதிரி சுருங்கி வெடித்திருந்தது.

"என்னத்தத் தடவுனீங்க? யார் குடுத்தது? உடம்பெல்லாம் யார் தடவச் சொன்னது?" என்று நான் போட்ட சத்தத்தில் சரளாவின் வாய் பூட்டிக்கொண்டது. அப்புறம் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டாள். என் சுபாவம் அது, இன்றும் அப்படித்தான்.

"சிஸ்டர், ஒரு ஸ்டூல்" என்றார் டாக்டர்.

உட்கார்ந்தார். விரல்களின் பின்பக்கத்தைக் கஜேந்திரனின் புஜத்தில் வைத்தார். களிம்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"டேனரில என்ன வேலை கஜேந்திரன்?"

"டிரம்மு சார்... டீகிரீஸிங்."

"அப்படின்னா? எனக்குத் தெரியாது, சொல்லுங்க."

அந்த மூச்சிலும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தன் வேலையைப் பற்றி ஒரு டாக்டர் கேட்கிறாரே. "ஆட்டுத்தோல்ல... கொழுப்பு ஜாஸ்தி சார். அது இருந்தா சாயம் ஏறாது... திட்டுத் திட்டா நிக்கும். சால்வெண்ட்டு ஊத்தி... டிரம்ல சுத்துனா கொழுப்பு வந்துடும். அப்புறம் எந்தச் சாயம் போட்டாலும்... சல்லுனு இழுத்துக்கும்."

டாக்டர் களிம்பு மினுங்கிய அந்தப் புஜத்தைப் பார்த்தார்.

"மருந்தும் அப்படித்தான், இல்லியா?"

கஜேந்திரன் சிரித்தார். "தோல் தோல்தான சார்?"

அதற்குப் பிறகு சரளா வாயைத் திறந்தாள். எங்கள் டப்பி தீர்ந்ததும் ஆம்பூரில் ஒரு கடையில் அதே மருந்தை, இன்னும் காரமாகப் போட்டு, பெரிய டின்னில் வாங்கியிருக்கிறார்கள். லீவுக்கு முன்னால் டேனரியிலிருந்து ஒரு பாட்டில் சால்வெண்ட். தினமும் அதில் துணியை நனைத்து உடம்பு முழுக்கத் துடைத்து, கொழுப்பை எடுத்து, அதன்மேல் கழுத்து முதல் கால்வரை களிம்பு. அதற்கும் மேலே, டேனரியில் ஆட்டுத்தோலைச் சுற்றுகிற பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிப் படுத்திருக்கிறார். "தடவுன மருந்து கண்ணெதிர்ல காணாமப் போச்சுங்க. பாரு சரளா, எப்படி இழுக்குதுன்னு சந்தோஷப்பட்டாருங்க."

"காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதா கஜேந்திரன்?" என்று கேட்டார் டாக்டர்.

"டிரம்மு சார்."

"இப்பவுமா?"

"இப்பவும் ஓடுது."

"லீவு விட்டாங்களே, அப்ப?"

அவர் யோசித்தார். "அப்பவும் ஓடுச்சு சார். அத்தினி வருஷம் டிரம்மு பக்கத்துல நின்ன காதாச்சே... பழக்கத்துல கேக்குதுன்னு நெனச்சேன்."

டாக்டர் எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. முதல் தடவையாக அவர் நடையில் அவசரத்தைப் பார்த்தேன். "டிரம் இல்ல சிஸ்டர். மருந்து" என்றார். தலைவலி மாத்திரையில் இருக்கிற மருந்தின் இனம்தான் அந்தக் களிம்பிலும் இருக்கிறது. நல்ல தோலில், சின்ன இடத்தில் தடவினால் உள்ளே போவது கொஞ்சம். கொழுப்பை எடுத்து, உடம்பு முழுக்கப் பூசி, காற்றுப் புகாமல் மூடியும் வைத்தால், அது ரத்தத்தில் நிரம்பிவிடும். முதலில் காதில் சத்தம் வரும். அப்புறம் வாந்தி, மூச்சிரைப்பு. அப்புறம் மயக்கம், வலிப்பு. அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது.

அங்கிருந்த ஹவுஸ் சர்ஜன் நல்ல பையன்தான். களிம்பை உடனே எடுத்தாக வேண்டும் என்று புரிந்துகொண்டு ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். டாக்டர் அவன் கையைப் பிடித்தார்.

"மிச்சம் இருக்கிற கொழுப்பையும் எடுக்கப் போறீங்களா?"

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஸ்பிரிட்டும் சோப்பும் இன்னொரு சால்வெண்ட்தான். சுவரில் பாக்கி இருக்கிற சாந்தும் போய், மேலே இருக்கிற மருந்தும் உள்ளே இறங்கிவிடும். எண்ணெய்ப் பசையை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். வார்டில் எண்ணெய் எங்கே இருக்கிறது? சரளாவின் பையில் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய்ப் புட்டி இருந்தது. அதை வாங்கி ஆரம்பித்தேன். அது தீர்வதற்குள் சமையல்கட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய வந்தது.

எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி வழித்தெடுக்க வேண்டும். ஒரு பஞ்சை இரண்டாம் தடவை தோலில் வைக்கக் கூடாது. நெஞ்சு, அக்குள், முதுகு, தொடை இடுக்கு. இடுக்குகளில்தான் மருந்து அதிகம் தேங்கும். நான் ஒரு பக்கம், சரளா இன்னொரு பக்கம். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் சிஸ்டர் தடவுனேன். என் கையாலதான்..."

"அழறதுன்னா வெளிய போய் அழு. இங்க இருந்தா பஞ்சை எடு" என்றேன்.

அவள் போகவில்லை. பஞ்சை எடுத்தாள். வழித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கஜேந்திரன் குடித்த சொம்பில் மற்றவர்கள் தண்ணீர் குடிக்க மறுத்திருக்கிறார்கள். ரம்ஜான் லீவு முடிந்து வரும்போது தோல் சுத்தமாக இருந்தால் வா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்த அவசரம். லீவு முடிவதற்குள் தோலை மாற்றிவிட வேண்டும் என்று அவர் தன் தொழிலில் தெரிந்த வழியில் இறங்கியிருக்கிறார்.

சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து அதில் பெர்ரிக் குளோரைடு சொட்டு விட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அடர்ந்த ஊதாவாக மாறியது; அந்த மருந்து இருந்தால் அப்படி மாறும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. சோடா பைகார்பனேட் கலந்து டிரிப் ஏற்றினார்கள். மருந்தைச் சிறுநீரில் வெளியே தள்ளுவதற்கு அதுதான் வழி. இனி சிறுநீரகம்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் கஜேந்திரனின் நிலை மோசமானது. கூப்பிட்டால் திரும்பவில்லை. கையைக் காற்றில் சுழற்றிக்கொண்டே இருந்தார். டிரம்மின் கதவைத் திருகி மூடுகிற மாதிரி இருக்கிறது என்று சரளா சொன்னாள். ஹவுஸ் சர்ஜன் என்னைத் தனியே கூப்பிட்டு, "படிக்காதவங்க பண்ற வேலையைப் பாருங்க சிஸ்டர்" என்றான். "படிச்சவங்க ஒட்டுன சீட்டு அவருக்குப் படிக்கத் தெரியல, அதான் தப்பு" என்றேன்.

நாங்கள் எண்ணெய் பூசிக்கொண்டே இருந்தோம், இந்தத் தடவை தோலுக்காக. உடம்பைத் துடைக்காமல் ஈரத்தோடு பூசி, மேலே மெல்லிய பழைய வேட்டியைப் போர்த்தினோம்.

அதற்கும் அடுத்த நாள், வெயில் ஏறின பிறகு, நான் டிரிப் புட்டியை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர்... யாரு டிரம்ம நிறுத்துனது?"

சரளா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். வார்டில் ஓடக் கூடாது என்பது விதி. ஓடினேன்.

உடம்பு தேறியதும் டாக்டர் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீங்க சொன்னது சரிதான் கஜேந்திரன். கொழுப்பை எடுத்தா தோல் எதையும் இழுத்துக்கும். ஆனா ஆட்டுத்தோலுக்குள்ள ஆடு இல்ல. உங்க தோலுக்குள்ள நீங்க இருக்கீங்க."

கஜேந்திரன் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சாயம் ஏத்துன அப்புறம் நாங்களும் எண்ணெயத் திருப்பி ஏத்துவோம் சார். இல்லன்னா காஞ்சு அப்பளமா ஒடஞ்சுடும். அத நான் மறந்துட்டேன்" என்றார்.

டிரம்மில் அவரோடு வேலை செய்யும் பாஷா அன்றைக்குத்தான் பார்க்க வந்தான். "இன்னாடா கஜா, உன் டிரம்மு காஞ்சு கெடக்குது, நீ இங்க ராஜா மாதிரி எண்ணெய் தேச்சுக்கினு படுத்துருக்க?"

"மேஸ்திரி இன்னா சொன்னாரு?" என்றார் கஜேந்திரன். அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பாஷா சாத்துக்குடிப் பையைச் சரளாவிடம் கொடுத்தான். "இன்னா சொல்வாரு? அவன் குடிச்ச சொம்புல நான் குடிக்கிறேன், உனக்கு இன்னா பேஜாருன்னு கேட்டுட்டேன். எல்லாருக்கும் எதிர்லயே குடிச்சும் காட்டிட்டேன். நீ வா தோஸ்த்து. எண்ணெய் ஏத்துற டிரம்முல போடறாராம். கைக்கும் நல்லது."

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்தார். அதற்கு நாங்கள் "கை காட்டுவது" என்று பெயர் வைத்தோம். மருந்து வாங்கிப் போகிறவர்கள், அல்லது வீட்டில் தடவப் போகிறவர்கள், நர்ஸுக்கு எதிரே தடவிக் காட்ட வேண்டும். நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பேசாமல் பார்க்க வேண்டும். "டப்பியைத் திறக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்றாங்கன்னு பாருங்க சிஸ்டர். தப்பு அங்கதான் இருக்கும்" என்றார்.

முதலில் கை காட்டியவர் கஜேந்திரன். டப்பியை மடியில் வைத்தார். பிறகு, தன்னையறியாமல், துடைக்க ஒரு துணியைத் தேடினார். சரளா அவர் கையில் அடித்தாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, எண்ணெய்ப் பசை இருந்த முழங்கைமேலேயே லேசாகத் தடவினார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் எழுதினால் இந்த மலர் போதாது. ஒரு அம்மா தடவுவதற்கு முன் செதிலைப் பீர்க்கங்காய் நாரால் ரத்தம் வரத் தேய்த்தாள். ஒருவர் எலுமிச்சம்பழத்தைக் கேட்டார். படித்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் பையிலிருந்து டெட்டால் எடுத்தார். நாம் சீட்டில் எழுதுகிற எதிலும் இதெல்லாம் வராது. கையைப் பார்த்தால்தான் தெரியும். இதைத்தான் பிசுபிசு என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். இப்போது கடைக்குக் கடை வெள்ளையாக்குகிற ட்யூப், அரிப்புக்கு ட்யூப், படைக்கு ட்யூப். எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தோலில் என்று ஒருவனும் கேட்பதில்லை. தோலில் தடவுவது உள்ளே போகாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அல்லது போனால் நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஆளைக் கொல்லும்.

அன்று கிளம்பும்போது கஜேந்திரன் வாசலில் நின்றார். "சார், திரும்ப டிரம்முக்குத்தான் போறேன். காதுல அது ஓடிக்கினேதான் இருக்கும். எது நெஜம் எது மருந்துன்னு எப்படிச் சார் தெரியும்?"

நியாயமான கேள்வி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கோபமில்லாமல் அவர் அதைக் கழற்றி அன்றுதான் பார்த்தேன்.

"உங்க டேனரிக்கு என்னைக்கு லீவு?"

"வெள்ளிக்கிழமை சார்."

"வெள்ளிக்கிழமை கேட்டா வாங்க."

டாக்டர் தங்கையா எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போனார். போகும்போது அந்த இரண்டு டம்ளர்களையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கஜேந்திரன் சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார். சொரியாசிஸ் முழுக்கப் போகிற நோய் இல்லை. வரும், அடங்கும். வந்தால் முதலில், நான் பழக்கியபடி, தானே பானைக்குள்ளிருந்து டம்ளரை எடுத்துப் புறங்கையில் கவிழ்த்துக்கொண்டு உட்காருவார். மூடுபனி கம்மியாக இருந்தால் என்னிடம் காட்டிச் சிரிப்பார். ஜாஸ்தியாக இருந்தால் நான் திட்டுவேன் என்று தெரிந்து மறைப்பார்.

டாக்டர் போன அடுத்த வருஷம் ஒருநாள், ஓ.பி. முடிகிற நேரத்தில் கஜேந்திரன் வந்தார். டம்ளரைத் தொடவில்லை. பின்னால் சரளா. நடுவில் பாஷா. முகம் வெளிறி, மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்தது. சட்டைக் காலருக்கு உள்ளே களிம்பு மினுங்கியது.

"படர்தாமரைதான் சிஸ்டர், உடம்பெல்லாம் வந்துடுச்சு" என்றான் பாஷா. "கடையில ஒரு களிம்பு குடுத்தாங்க. நல்லா புடிக்கட்டும்னு துடைச்சுட்டுப் போட்டேன். கஜாவுக்கு வந்த நோய் இல்லியே, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு..."

"நீ சும்மா இரு" என்றார் கஜேந்திரன். என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இன்னைக்கு வெள்ளிக்கிழமை. காலையில இவன் வீட்டுக்குப் போனேன். டிரம்மு சத்தத்துல நீ பேசறது கேக்கல, சத்தமாப் பேசுன்னான். அப்படியே கையப் புடிச்சு பஸ் ஏத்திட்டேன்."

சரளா பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

படர்தாமரைக் களிம்பிலும் அதே சாலிசிலிக் உண்டு. நான் பாஷாவைத் திட்டவில்லை. என்ன தடவினாய், யார் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. கஜேந்திரனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாஷா நடந்து வந்திருந்தான்.

"சட்டையைக் கழட்டு" என்றேன். புட்டியைத் திறந்தேன்.